இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு

மாசாயிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வயது 54. இனிப்பு நீர் வந்து 15 ஆண்டுகள் ஆகின்றன. ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை சாப்பிட்டார், ஊசியும் போட்டுப் பார்த்தார், பலனில்லை. செயற்கைக் கருவி பொருத்தலாம் என்று சிறப்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். "வளையும் வகை வேண்டுமா, பம்ப் வகை வேண்டுமா என்று கேட்கிறார்கள் டாக்டர். எதை எடுப்பது? வீட்டில் இன்னும் சொல்லவில்லை" என்று கடிதம் முடிகிறது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. 1994இல் வெளிவந்த அமெரிக்க மாசசூசெட்ஸ் ஆய்வில், 40 முதல் 70 வயது வரையுள்ள ஆண்களில் 52 விழுக்காட்டினருக்கு இந்தக் குறை ஏதோ ஓர் அளவில் இருந்தது. இனிப்பு நீர் நரம்பையும் ரத்தக் குழாயையும் கெடுப்பதால் அந்த நோய் உள்ளவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் வருகிறது. மலேசியாவில் இனிப்பு நீர் நம் இந்தியர்களிடையேதான் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி கருவிக்கு வருவோம். வளையும் வகையில், ஆணுறுப்புக்குள் இரண்டு தண்டுகளை வைப்பார்கள். தேவைப்படும்போது கையால் நிமிர்த்தி, பிறகு மடக்கிக்கொள்ளலாம். விலை குறைவு, பழுதாவதும் அரிது. ஆனால் உறுப்பு எந்நேரமும் ஓரளவு விறைப்பாகவே இருக்கும். உணர்ச்சி மரத்துப்போனவர்களுக்கு அந்த அழுத்தம் உள்ளிருந்து புண்ணாக்கவும் கூடும்.

பம்ப் வகையை 1973இல் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் டாக்டர் பிராண்ட்லி ஸ்காட் குழுவினர் அறிமுகப்படுத்தினார்கள். இன்று பரவலாக உள்ள மூன்று பாக வகையில், உறுப்புக்குள் இரண்டு குழாய்கள், விரைப்பைக்குள் ஒரு சிறு பம்ப், அடிவயிற்றில் உப்புநீர்ப் பை ஒன்று இருக்கும். பம்பை அழுத்தினால் நீர் குழாய்க்குள் ஏறி விறைக்கும், முடிந்ததும் இறக்கிவிடலாம். பார்க்கவும் பழகவும் இதுதான் இயல்புக்கு நெருக்கம். விலை அதிகம். பாகங்கள் கூடுதல் என்பதால் பழுதாக வாய்ப்பும் கூடுதல். பத்து, பதினைந்து ஆண்டுகளில் மாற்ற வேண்டி வரலாம்.

உங்கள் விரல்களைக் கவனியுங்கள். இனிப்பு நீரால் விரல் மரத்தவர்களுக்கும் மூட்டு வாதம் உள்ளவர்களுக்கும் பம்பைத் தேடி அழுத்துவது சிரமம். பொருத்துவதற்கு முன்பே மாதிரிக் கருவியைக் கேட்டு வாங்கி, உங்கள் கையால் அழுத்திப் பாருங்கள்.

எந்த வகை என்றாலும் சில உண்மைகள் மாறாது. ஒருமுறை பொருத்திவிட்டால் இயற்கையான விறைப்புக்குத் திரும்ப வழியில்லை. கருவி ஆசையைக் கூட்டாது, நீளத்தையும் கூட்டாது. சற்றுக் குறைந்தது போலத் தோன்றலாம். தொடு உணர்வும் உச்சமும் பொதுவாக மாறுவதில்லை. கிருமித் தொற்று ஏற்பட்டால் பெரும்பாலும் கருவியையே எடுக்க வேண்டி வரும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் அந்த ஆபத்து கூடும். ஆகவே தேதி குறிப்பதற்கு முன் சர்க்கரையைக் குறையுங்கள், இருதயத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள். இந்தக் குறை சில நேரம் மாரடைப்புக்கு முன்கூட்டியே வரும் எச்சரிக்கை.

மருத்துவரிடம் கூச்சமில்லாமல் கேளுங்கள்: ஆண்டுக்கு எத்தனை பேருக்குப் பொருத்துகிறீர்கள்? மொத்தச் செலவு எவ்வளவு? பழுதானால் யார் பார்ப்பார்கள், கருவிக்கு உத்தரவாதம் உண்டா?

இன்னொன்று. கடையில் விற்கும் 'ஆண்மைக் காப்பி'ப் பொட்டலம் எதையும் தொடாதீர்கள். இத்தகைய பொருள்கள் சிலவற்றில் ரகசியமாக மாத்திரை மருந்தைக் கலந்திருந்தது சோதனையில் தெரியவந்திருக்கிறது. நெஞ்சுவலிக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்து.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். வீட்டில் சொல்லாமல் இதைச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. புண் ஆறிப் பயன்படுத்தத் தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரங்கள் ஆகும். அது மட்டும் காரணமில்லை. கணவர் காரணம் சொல்லாமல் ஒதுங்கும்போது, "என்மேல் பிரியம் போய்விட்டதோ, வேறு யாராவது இருக்கிறாளோ" என்று மனைவி தனக்குள் குமைகிறார். கிளினிக்கில் நான் பார்த்த பல மனைவிமார்கள் கருவியைக் கேட்கவே இல்லை. பழையபடி பேச்சும் பக்கத்தில் படுப்பதும் இருந்தால் போதும் என்றார்கள். சில தம்பதிகள் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். சிலர் கலந்து பேசிப் பொருத்திக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். இரண்டுமே சரியான முடிவுதான்.

அடுத்த சந்திப்புக்கு அவரையும் அழைத்துப் போங்கள். எந்த வகை என்பதை அதற்குப் பிறகு முடிவு செய்யலாம். அவசரமில்லை.