சான்றிதழ் தூரமும் சாலைத் தூரமும்
மின்சாரக் காருக்குச் சான்றிதழ் சொல்லும் தூரம் வேறு, சாலையில் கிடைக்கும் தூரம் வேறு என்பதைத் தயாரிப்பாளர்களே ஒப்புக்கொள்ளத் தொடங்கிவிட்டனர். 2024 ஆகஸ்டில் வந்த டாடா கர்வ் காரின் 55 கிலோவாட் மணி பேட்டரிக்குச் சோதனைச் சான்று 585 கி.மீ.; அன்றாட ஓட்டத்தில் 400 முதல் 425 கி.மீ. வரைதான் என்று நிறுவனமே அறிவித்தது. ஆய்வகத்தில் உருளைகள் மீது, ஏசியை அணைத்து, 90 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் செய்யப்படும் சோதனை அது. சித்திரை வெயிலில் குழந்தைகளோடு ஏசி இல்லாமல் யார் பயணிக்கிறார்கள்? வேகம் இருமடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதையும் நெடுஞ்சாலை மறைப்பதில்லை. வில்லியனூரிலிருந்து புதுச்சேரிக்குத் தினமும் வேலைக்குப் போய்வருபவருக்கு இந்த வித்தியாசம் பொருட்டல்ல. இரவில் வீட்டிலேயே சார்ஜ் ஏற்றிக்கொள்வார். பாகூரிலிருந்து நோயாளியை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்வரும் குடும்பத்தின் நிலை வேறு. போக வர 300 கி.மீ.க்கு மேல் ஆகும் அந்தப் பயணத்தில், சிறிய பேட்டரிக் கார் வழியில் நின்றுவிடும் அபாயம் உண்மையானது. கடன் வாங்கிக் கார் எடுப்பவர் இதைக் கையெழுத்திடும் முன்பே அறிய வேண்டும். ஏசியுடன் ஓட்டினால் கிடைக்கும் தூரத்தைச் சான்றிதழ் எண்ணுக்கு இணையான எழுத்தளவில் விலைப்பட்டியலில் அச்சிடுமாறு விற்பனையகங்களுக்குப் புதுவைப் போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். மறைப்பவர்கள் மீது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பாய வேண்டும். வில்லியனூர், பாகூர் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலக வளாகங்களில் பொது விரைவு சார்ஜர்களை அரசு இந்த நிதியாண்டிலேயே நிறுவ வேண்டும்.