வட்டு பெரிதானால் போதுமா?

கணிப்பொறி வந்துவிட்டால் நூலகத்திற்கு இடம் தேட வேண்டியதில்லை என்று ஒரு காலத்தில் நம் கல்விக்கூடங்களில் பெருமிதத்தோடு பேசிக்கொண்டோம். இன்றோ, வட்டில் இடமில்லை என்னும் அறிவிப்பு திரையில் தோன்றாத தமிழ்த்துறை அரிது. களப்பணியில் மாணவர் ஒலிப்பதிவு செய்து கொணர்ந்த தாலாட்டும் ஒப்பாரியும், மூத்தோர் நேர்காணல்களும், வருடியெடுத்த பழம் பதிப்புகளும், விழாப் படங்களும் ஒரே பொறியில் ஆண்டுதோறும் குவிகின்றன. இடம் தீர்ந்ததும் நாம் செய்வன இரண்டு. பெயர் விளங்காத கோப்புகளை அழித்துவிடுகிறோம். அல்லது பெரிய வட்டு ஒன்று வேண்டி நிருவாகத்திற்கு விண்ணப்பிக்கிறோம். முன்னது தவறு என்பதில் ஐயமில்லை. பின்னதும் பாதியளவே சரி என்பது நம் கருத்து.

இடத்தைத் தின்பது எது என முதற்கண் நோக்குவோம். எழுத்து அன்று. இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டு கொள்ளும். குறள் ஒன்றுக்கு 300 பைட்டு எனத் தாராளமாகக் கணக்கிட்டாலும் 1330 குறளும் 4 இலட்சம் பைட்டுக்குள் அடங்கிவிடும். முன்பு சட்டைப்பையில் வைத்துத் திரிந்தோமே, அந்த 1.44 மெகாபைட்டு நெகிழ்வட்டில் திருக்குறளை மும்முறை எழுதி வைக்கலாம்! ஆனால், ஏ4 தாளளவுள்ள ஒரு பக்கத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி என்னும் செறிவில் வண்ணத்தில் வருடிச் சுருக்காமல் வைத்தால், அப்பக்கம் ஒன்றே ஏறத்தாழ 26 மெகாபைட்டு ஆகும். அதற்கு நெகிழ்வட்டு பதினெட்டு வேண்டும். இருநூறு பக்க நூலுக்கு 5 ஜிகாபைட்டும் போதாது. சிக்கனம் கருதிப் படத்தை மங்கலாகச் சுருக்கி வைப்போரும் உளர். ஏட்டில் இருப்பது புள்ளியா பூச்சி அரித்த துளையா என்று உற்று நோக்க வேண்டியவன் பதிப்பாசிரியன்; மங்கிய படம் அவனுக்கு எதற்கு உதவும்? ஆகவே இடம் பெருக்கத்தான் வேண்டும்.

பெருக்குதல் இன்று எளிது. 1956 இல் ஐபிஎம் நிறுவனம் வெளியிட்ட ரமாக் பொறியின் வட்டகத்தில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் சுழன்றன; அது கொண்டது 50 இலட்சம் எழுத்துகளே. 1983 இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டியின் வன்தட்டு 10 மெகாபைட்டு. இன்று உள்ளங்கையில் அடங்கும் வட்டு டெராபைட்டுகளில் கொள்கிறது. வெளியே இணைக்கலாம்; மேசைக் கணிப்பொறியின் உள்ளே இரண்டாவதாகப் பொருத்தலாம்; பழையதை அப்படியே புதியதில் படியெடுத்து மாற்றிவிடலாம்.

இம்மூன்றாம் வழியில் பலர் தடுமாறுவதைக் காண்கிறோம். படியெடுத்த பின்னும் பார்ட்டிஷன் எனப்படும் பகுதி பழைய அளவிலேயே நிற்கக்கூடும்; எஞ்சிய இடம் எவர்க்கும் உரியதன்றிக் கிடக்கும். விண்டோசின் சொந்தக் கருவியால் அப்பகுதியை நீட்ட வேண்டுமாயின், வெற்றிடம் அதனை அடுத்தே வலப்புறம் இருத்தல் வேண்டும். பழைய எம்பிஆர் அட்டவணையில் வகுத்த வட்டானால், வழக்கமாக 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடம் கைக்கு எட்டாது. ஜிபிடி முறையில் வகுக்க வேண்டும். உறையில் 1 டெராபைட்டு என்றிருக்கத் திரையில் 931 ஜிகாபைட்டு என்று தோன்றுவதற்காகக் கடைக்காரரிடம் சண்டையிட வேண்டா. அவர் ஆயிரத்தால் பெருக்குகிறார்; பொறி 1024 ஆல் வகுக்கிறது. இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு: பகுதியை நீட்டும் வேளையில் மின்சாரம் நின்றால் உள்ளதனைத்தும் போகலாம். படியெடுத்து வைக்காமல் அப்பணியைத் தொடங்குதல் கூடாது.

நம் வழக்கு இங்குதான் தொடங்குகிறது. 4 டெராபைட்டு வட்டு ஒன்று கேட்பதை விடுத்து, 2 டெராபைட்டு வட்டு இரண்டு கேட்போம். இரண்டிலும் ஒன்றையே எழுதுவோம். 'ஒரே பொருளுக்கு இருமுறை பணமா?' என்று நிருவாகப் பெரியோர் வினவுவர். வினா நேரியதே. விடை நம் இலக்கிய வரலாற்றிலேயே உள்ளது. ஏடு செல்லரிக்குமுன் பெயர்த்தெழுதி வைத்தமையாலன்றோ நூல்கள் நம் காலம் வரை வந்தன! உ.வே. சாமிநாதையர் 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது, ஊர் ஊராகக் கிடந்த பல படிகளை ஒப்பு நோக்கியே. மறுபுறம், 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் படியில்லாதவை அவற்றோடு முற்றும் மறைந்தன. நம் மாணவர் பதிந்த தாலாட்டைப் பாடிய மூதாட்டியருள் சிலர் இன்றில்லை. அக்குரலுக்கும் ஒரே படிதான் உள்ளது.

இரண்டு வட்டையும் ஒரே பொறியில் பூட்டிவிட்டு நிம்மதி கொள்வதும் பயனற்றது. மின்னழுத்தம் ஏறினால் இரண்டும் கருகும். நச்சுநிரல் புகுந்தால் இரண்டையும் கெடுக்கும். தவறுதலாக அழித்தால் உடன்படியிலும் அழியும் ஏற்பாடுகளும் உண்டு. எனவே இரண்டாவது வட்டு துறையில் இருத்தல் ஆகாது. நூலகக் கட்டடத்து இரும்புப் பீரோவில் இருக்கட்டும். திங்களுக்கு ஒருமுறை கொணர்ந்து, புதியன சேர்த்து, சில கோப்புகளைத் திறந்து பார்த்து, பதிவேட்டில் நாளிட்டு ஒப்பமிட்டுத் திருப்பி வைக்க ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் போதும். பீரோவின் சாவி நூலகரிடம் ஒன்றும் துறைத்தலைவரிடம் ஒன்றுமாக இருக்கட்டும்.