கட்டைவிரல் காணிக்கை

துரோணர் கேட்டார்; ஏகலைவன் கொடுத்தான். கட்டைவிரல்! குருவுக்குத் தந்த காணிக்கை என்று அதற்குப் பெயரிட்டார்கள். உருகி உருகிக் கதை சொன்னார்கள். விரலைப் பறிகொடுத்த அந்த வேடுவன் வீட்டில் மறுநாள் அடுப்பு எரிந்ததா, அவனை நம்பியவர்கள் என்ன தின்றார்கள் என்று எந்தக் கதாகாலட்சேபத்திலும் யாரும் சொன்னதில்லை, கேட்டுக்கொண்டிருந்தவர்களும் கேட்டதில்லை!

இன்று விரல் கேட்பவர் வில்லாசிரியர் அல்ல. பவர் பிரஸ் கேட்கிறது. லேத் கேட்கிறது. மரம் அறுக்கும் வட்டரம்பம் கேட்கிறது. கோவை கணபதியிலே, அம்பத்தூரிலே, ஓசூரிலே, தகரக் கூரையின் கீழ் ஐந்து பேரும் ஆறு பேரும் நின்று வேலை செய்யும் பட்டறைகளிலே, இரவு ஷிப்டின் தூக்கக் கலக்கத்தில் ஒரு நொடி கை பிந்தினால் போதும், காணிக்கை செலுத்தியாகிவிட்டது! கதை முடிந்ததா? இல்லை தோழர்களே, அங்கேதான் கணக்கு ஆரம்பமாகிறது. அந்தக் கணக்கைத்தான் இன்று பேச விரும்புகிறோம்.

சட்டம் இல்லையோ என்று ஐயுறவேண்டாம். வெள்ளைக்காரன் ஆண்ட காலத்திலேயே, 1923ஆம் ஆண்டிலேயே, தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது. மின்சாரத்தால் இயந்திரம் ஓடுகிற பட்டறை என்றால், அங்கே ஒரே ஒரு தொழிலாளி இருந்தாலும் அவனுக்கு நேர்ந்த விபத்துக்கு முதலாளி பொறுப்பு. அந்தச் சட்டம் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலே கரைக்கப்பட்டது. தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. கணக்குப் போடும் முறை மாறவில்லை. உயிர் போனால் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, வயதுக்கென்று அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். முழு ஊனம் என்றால் பாதிக்குப் பதிலாக நூற்றுக்கு அறுபது. விரலுக்கும் விகிதம் எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு முப்பது போயிற்று என்பது சட்டத்தின் கணிப்பு.

முப்பது வயதுத் தொழிலாளி. மாதச் சம்பளம் ரூபாய் 15,000. முப்பது வயதுக்கு உரிய எண் 207.98. அவன் இறந்தால் குடும்பத்துக்குச் சேரவேண்டியது 15,59,850 ரூபாய். கட்டைவிரல் மட்டும் போனால் 5,61,546 ரூபாய். துரோணர் காலத்தில் இல்லாத நியாயம் இது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தப் பணத்தை எண்ணி வைப்பவர் யார்? ஆறு பேருக்கு ஆளுக்குப் 15,000 சம்பளம் கொடுக்கும் பட்டறை முதலாளியின் ஓராண்டுச் சம்பளச் செலவே 10,80,000 ரூபாய்தான். ஒரே ஒரு சாவு, அவருடைய ஓராண்டுச் சம்பளக் கணக்கையும் விழுங்கி ஏப்பம் விடும்!

சிறு பட்டறைக்காரரை நாம் பகைவராக எண்ணவில்லை. நேற்று வரை அவரும் இயந்திரத்தின் முன் நின்றவர். மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு லேத் வாங்கியவர். பெரிய ஆலைக்கு ஜாப் ஒர்க் செய்து, பில் பணத்துக்காக மூன்று மாதம் காத்துக் கிடப்பவர். அவர்மீது தீர்ப்பு வரும். தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு தொழிலாளி நிற்பான். முதலாளியோ பட்டறையைப் பூட்டிவிட்டு நிற்பார். சட்டம் கொடுத்ததை வறுமை பறித்துக்கொள்ளும்.

பத்துப் பேர் இருந்தால் ஈ.எஸ்.ஐ. உண்டு. முதலாளி நூற்றுக்கு 3.25, தொழிலாளி 0.75 செலுத்த, விபத்தின் பாரத்தை அந்தக் கழகமே சுமக்கிறது. பத்துக்குக் கீழே? முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளரும் சம்மதித்தால் ஈ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று புதிய தொகுப்பு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அதில் சேராதவருக்கு உள்ள வழி, பொதுக் காப்பீட்டுக் கம்பெனியிடம் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசி வாங்குவது. வாங்கியே தீரவேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு, பணிக்கொடைக்குக் காப்பீடு கட்டாயம் என்று எழுதியிருக்கிறது. அதே ஏட்டில், விபத்து இழப்பீட்டு அத்தியாயத்தில் அந்த வரி இல்லை! காப்பீடு இல்லாத லாரி சாலையில் ஓடக்கூடாது. காப்பீடு இல்லாத பவர் பிரஸ் ஓடலாம். என்ன விந்தை பாருங்கள்!

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலம் இந்த விந்தையைப் பார்த்துவிட்டுத்தான் திருந்தியது. 1910இல் அங்கே இழப்பீட்டுச் சட்டம் பிறந்தது. தவறு செய்யாத முதலாளியின் பணத்தைத் தொழிலாளிக்குக் கொடுப்பது சொத்துரிமைக்கு விரோதம் என்று கூறி, 1911 மார்ச் 24 அன்று மாநில உயர்நீதிபீடம் அதைச் சாய்த்தது. மறுநாள், ஆம், மறுநாளே, நியூயார்க் நகரத்து டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தது. கதவொன்று பூட்டிக் கிடந்தது. 146 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த இளம் பெண்கள். உரிமையாளர்கள் குற்றவாளிகள் அல்ல என்று விடுதலையானார்கள். எரிந்த சரக்குக்குக் காப்பீட்டுப் பணம் அவர்கள் கைக்கு வந்தது. வழக்குத் தொடுத்த குடும்பங்களுக்கு 1914இல் கிடைத்தது உயிருக்கு 75 டாலர்! துணிக்குக் காப்பீடு இருந்தது. தைத்த கைக்கு இல்லை. பிறகு 1913இல் அரசியல் சட்டத்தையே திருத்தி, 1914இல் புதுச் சட்டம் கொண்டுவந்து, இழப்பீட்டுக்கு முன்கூட்டியே காப்பீட்டு ஏற்பாடு செய்தாக வேண்டும் என்று முதலாளிகளுக்கு ஆணையிட்டார்கள். அரசாங்கமே ஒரு காப்பீட்டு நிதியையும் தொடங்கிற்று. காப்பீடு இருக்கிறது என்ற அறிவிப்பை வேலைத்தலத்தில் எல்லோரும் பார்க்க ஒட்டவேண்டும் என்பது அங்கே இன்றும் விதி.

நம் ஊருக்கு வருவோம். பட்டறை நடத்தும் தோழர் ஒருவர் பாலிசி வாங்கப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல காரியம். யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல் என்று அரசுக் கம்பெனிகளே நான்கு, தனியார் வேறு. ஒன்றிடம் மட்டும் கேட்டு நிற்காமல் மூன்று நான்கு இடத்தில் கொட்டேஷன் வாங்கட்டும். விலை எப்படி வருகிறது? ஆண்டுச் சம்பளத் தொகையின் மேல், வேலையின் ஆபத்துக்குத் தக்கபடி ஒரு விகிதம். கணக்கு எழுதுபவருக்குக் குறைவு. பிரஸ் ஓட்டுபவருக்கு அதிகம். ஆகவே பிரீமியத்தைக் குறைக்கக் குறுக்கு வழிகளும் உண்டு. எட்டுப் பேரை ஐந்து பேர் என்பது. பதினைந்தாயிரத்தை எட்டாயிரம் என்பது. பிரஸ் ஓட்டுபவரைப் பியூன் என்பது. மேஸ்திரி அழைத்து வந்த காண்ட்ராக்ட் ஆட்களைக் கணக்கிலேயே காட்டாமல் விடுவது. பிரீமியம் இறங்கும். முதலாளிக்கு மகிழ்ச்சி. ஏஜெண்டுக்கும் வியாபாரம் முடிந்தது.

விபத்து வருகிறது. கம்பெனி பட்டியலைப் புரட்டுகிறது. இவர் பட்டியலில் இல்லை, இவருடைய வேலை இது இல்லை, சம்பளம் இவ்வளவு இல்லை என்கிறது. கை போனவன் முன்னால் கம்பெனி கையை விரிக்கிறது! காண்ட்ராக்ட் ஆள் என்றாலும் சட்டப்படி பொறுப்பு பட்டறைக்காரருக்கு உண்டு. பாலிசியில்தான் அவனுக்கு இடமில்லை. சில நூறு, சில ஆயிரம் மிச்சம் பிடித்தவர் இலட்சங்களுக்குப் பதில் சொல்ல நிற்பார். உள்ள சம்பளத்தை உள்ளபடி எழுதியவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆண்டு முடிவில் உண்மைச் சம்பளத்தைப் பார்த்துப் பிரீமியத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

கொட்டேஷனில் கடைசி எண்ணை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். மருத்துவச் செலவு அதில் அடங்குமா? சட்டம் அதை முதலாளி தலையில் வைத்திருக்கிறது. பாலிசியில் பல நேரம் தனியாகக் கேட்டு, தனியாகப் பணம் கட்டினால்தான் உண்டு. தொழிலால் வரும் நோய்? அதுவும் கேட்க வேண்டியதே. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில் நேரும் விபத்தையும் புதிய தொகுப்பு, வேலையோடு தொடர்பு இருந்தால், வேலை விபத்தாக ஏற்கிறது. பாலிசி ஏற்கிறதா? காலம் கடத்திக் கொடுத்தால் நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்பது பழைய சட்டத்திலேயே இருந்த விதி. அந்த வட்டியைக் கம்பெனி தருமா, விலக்கி வைத்திருக்கிறதா? அபராதமோ முதலாளியின் சொந்தப் பாவம். அதைக் கம்பெனி சுமக்காது என்று உச்சநீதிமன்றம் 1997லேயே சொல்லிவிட்டது. இவற்றையெல்லாம் எழுத்தில் வாங்கிப் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்த்தால், ‘மலிவு’ என்று நினைத்தது எத்தனை ஓட்டையோடு வந்தது என்று தெரியும்.

இது முதலாளியின் வேலை, நமக்கென்ன என்று தொழிலாளத் தோழர்கள் இருந்துவிடக்கூடாது. பிரீமியம் முதலாளியுடையது, விரல் உங்களுடையது! பாலிசி எங்கே, அதில் எத்தனை பேர், என் வேலையை என்னவென்று எழுதியிருக்கிறது, சம்பளம் எவ்வளவு என்று போட்டிருக்கிறது, எந்தத் தேதியோடு முடிகிறது என்று கேளுங்கள். கேட்டால் வேலை போகுமோ என்று தனி ஆள் அஞ்சலாம். அஞ்சுவதில் வியப்பில்லை. அதற்குத்தானே சங்கம்? பட்டறை பட்டறையாகப் போய்க் கேட்பது சங்கத்தின் வேலை. ஏஜெண்டின் படிவத்தைப் படித்து எழுதத் தடுமாறும் சிறு பட்டறைக்காரருக்கு உட்கார்ந்து எழுதிக் கொடுப்பதையும் நமது தோழர்கள் செய்யலாம். அதனால் யாருடைய கொள்கையும் தேய்ந்துவிடாது.

பணிக்கொடைக்கு எழுதிய அந்தக் கட்டாய வரியை விபத்து இழப்பீட்டு அத்தியாயத்திலும் எழுது என்று ஒன்றிய அரசை நோக்கி ஒவ்வொரு தொழிற்சங்கமும் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். பத்துப் பேருக்குக் கீழ் உள்ள பட்டறைகளுக்கு அந்தப் பிரீமியத்தில் ஒரு பங்கை அரசு ஏற்கவேண்டும் என்றும் அதே தீர்மானத்தில் சேர்த்துக் கேட்போம். அந்த வரி வரும்வரை, ஆயுதபூசைக்குச் சந்தனப் பொட்டு வைக்கும் பட்டறைச் சுவரிலே, பாலிசியின் நகல் ஒன்றையும் ஒட்டச் சொல்லுங்கள். முடியும் தேதியைச் சிவப்பு மையால் கோடிட்டு.