முட்டையை ஃப்ரீசரில் வைக்கலாமா?

புரட்டாசி வந்தால் முட்டை விலை பெரும்பாலும் இறங்கும். மலிவாகக் கிடைக்கிறதே என்று 30 முட்டை அட்டையை முழுசாக வாங்கி வந்த பிறகுதான், வீட்டிலேயே பாதிப் பேர் விரதம் என்பது ஞாபகத்துக்கு வரும். 'மீதியை ஃப்ரீசரில் வைத்துவிட்டால் என்ன?' என்ற யோசனையும் அப்போதுதான் எழும்.

வைக்கலாம். ஆனால், ஓட்டோடு கூடாது. முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும்; ஓடு அதைத் தாங்காமல் விரிசல் விடும். அந்த விரிசல் வழியே கிருமிகள் உள்ளே போகும். ஃப்ரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்த முட்டை தானாகவே உறைந்து வெடித்திருந்தாலும் இதே கதைதான். காசு போகிறதே என்று பார்க்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள். விரிசல் இல்லையென்றால், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து இளகவிட்டு, நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம்.

உடைத்து ஊற்றி உறைய வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. அது மஞ்சள் கரு. மைனஸ் 6 டிகிரிக்குக் கீழே போனதும் அது கெட்டியாகத் தொடங்கும். அதிலுள்ள தண்ணீர் பனிக்கட்டியாகப் பிரிய, கொழுப்பும் புரதமும் சேர்ந்த நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெளியே எடுத்து இளக வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. எவ்வளவு அடித்தாலும் கட்டி கட்டியாக, களி மாதிரி நிற்கும். கெட்டுப்போகவில்லை, ஆனால் கேக்குக்கோ ஆம்லெட்டுக்கோ ஆகாது.

இதற்கு வழி, உறைய வைக்கும் முன்பே உப்போ சர்க்கரையோ சேர்ப்பது. நான்கு மஞ்சள் கருவுக்கு அரைக்கால் டீஸ்பூன் உப்பு, அல்லது ஒன்றரை டீஸ்பூன் சர்க்கரை. நுரை வராமல் மெதுவாகக் கலக்க வேண்டும். எதைச் சேர்த்தோம் என்று டப்பாவின் மேல் எழுதி ஒட்டாவிட்டால், அடுத்த மாதம் யாராவது இனிப்பு ஆம்லெட் சாப்பிட நேரும்!

வெள்ளைக்கருவோடு இந்தத் தொல்லையே இல்லை. ஐஸ் ட்ரேயில் குழிக்கு ஒன்றாக ஊற்றி, உறைந்ததும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றினால் போதும். இளகிய பின் அரை மணி நேரம் வெளியே வைத்து அடித்தால் நன்றாகவே நுரைக்கும். முழு முட்டையாக வேண்டுமென்றால், இரண்டு கருவும் ஒன்றாகும் அளவுக்கு மட்டும் அடித்து ஊற்றலாம். வேகவைத்த முட்டையை மட்டும் முயற்சி செய்யவே வேண்டாம். வெள்ளைப் பகுதி ரப்பராகி, நீர்விடும்.

மைனஸ் 18 டிகிரி விடாமல் இருந்தால் ஒரு வருஷம்கூட வைக்கலாம் என்பார்கள். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் சின்ன ஃப்ரீசரையும் மின்வெட்டையும் கணக்கில் எடுத்தால், ஓரிரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவதே நல்லது. கரன்ட் போய் இளகி, வெதுவெதுப்பாகவே கிடந்த முட்டையை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

இன்னொன்று, ஃப்ரீசர் குளிரில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தூங்குமே தவிர, சாகாது. அதனால் உறைந்த முட்டையில் ஆஃப்பாயிலும் கலக்கியும் வேண்டாம். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதில் சமரசமே கூடாது. முந்தின நாள் இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றி, இளகியதும் பொடிமாஸாகவோ கேக்காகவோ நன்கு வேகவிடுங்கள்.

உண்மையில், விரிசல் இல்லாத புதிய முட்டை ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டிலேயே சுமார் மூன்று வாரம் நன்றாக இருக்கும். ஒரு அட்டை முட்டைக்குப் பல வீடுகளில் அதுவே போதும். மஞ்சள் கருவை மட்டும் எடுத்துக்கொண்ட நாளில் மிஞ்சும் வெள்ளைக்கருவுக்குத்தான் ஃப்ரீசர் நிஜமாகவே உதவும்.