விலைச்சீட்டு பக்தர்கள்

பிரெஞ்சு ஒயினில் நல்லது வேண்டுமென்றால் பணத்தை வாரி இறைக்க வேண்டுமாம்! சொல்லுகிறவர்கள் ரசிக சிகாமணிகள். சுத்தப் பேத்தல்.

இவர்களுக்கு வேதம், 1855இல் பாரிஸ் கண்காட்சிக்காகப் போர்தோ தரகர்கள் எழுதிய பட்டியல். தோட்டங்களை ஐந்து வகுப்பாக அவர்கள் பிரித்தது எதை வைத்து? சந்தையில் விற்ற விலையை வைத்து! விலை உயர்ந்ததால் உயர்குலம். உயர்குலமானதால் விலை இன்னும் உயர்ந்தது. அதன்பின் மேல் வகுப்புக்கு ஏறியது ஒன்றே ஒன்று: 1973இல் மூத்தோன் ரோத்ஷீல்ட். ஜாதிக் கட்டுப்பாடு தோற்றது, போங்கள்!

காமே என்ற திராட்சையைப் பாருங்கள். 1395இல் பர்கண்டிக் கோமகன் பிலிப் அதை ஈனச் செடி என்று பிடுங்கி எறியச் சொன்னார். அந்தச் செடிதான் பக்கத்துப் பூஜோலேயில் மோர்கோன், மூலான்-ஆ-வான் என்ற சிவப்பு ஒயின்களைத் தருகிறது. நல்ல ஆண்டில் விளைந்ததை நிலவறையில் பத்தாண்டு வைத்தாலும் மெருகேறும். வெள்ளையில், லுவார் நதி கடலை நெருங்குமிடத்து மஸ்காதே இருக்கிறது. சிப்பியோடு குடிக்க வேறென்ன வேண்டும்? இவையெல்லாம் உயர்குலத்து விலையில் சிறு பங்குக்குக் கிடைப்பவை.

புட்டியைத் திறந்தால் தீர்ப்புச் சொல்ல வேண்டியது நாக்கு. அதை நம்பத் தைரியமில்லாதவர்கள் தாராளமாக விலைச்சீட்டையே நக்கிக் கொள்ளட்டும்!