எத்தனாவது அடியில் சல்லடை?

மூன்று நாளாக எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் மோட்டார் வாசலில் கிடக்கிறது. குழாய்கள் துண்டு துண்டாக மதிலோரம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீர் எதிர்வீட்டிலிருந்து குடம் குடமாக வருகிறது. மெக்கானிக் தம்பி கேட்டது ஒரே கேள்விதான்: "சார், பில்டர் பைப்பு எத்தனாவது அடில எறக்கியிருக்காங்க?"

எனக்குத் தெரியவில்லை. போர் போட்டதற்கான பில்லைப் பீரோவில் பத்திரமாக வைத்திருந்தேன், எடுத்துவந்து நீட்டினேன். மொத்தம் 280 அடி, ஆறு இஞ்ச் கேசிங், வண்டி வாடகை, ஆள் பேட்டா என்று எல்லாவற்றுக்கும் ரூபாய் போட்டிருந்தது. தம்பி மேலும் கீழும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "இதுல ஒண்ணும் இல்லையே சார். எந்த அடில மணலு, எந்த அடில களின்னு தெரிஞ்சாத்தானே எங்க காத்து குடுக்கணும்னு முடிவு பண்ண முடியும்."

அடிக்கு இவ்வளவு என்று எண்ணி எண்ணிக் காசு கொடுத்தேன். அந்த ஒவ்வொரு அடியிலும் என்ன இருந்தது என்று ஒரு துண்டுச் சீட்டில்கூட யாரும் எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று நாளாக மனசை அறுப்பது இதுதான்.

விருத்தாசலத்தில் இருந்துகொண்டு மண்ணைப் பற்றித் தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பீங்கானால் பெயர் வாங்கிய ஊர் இது. பொம்மை, அகல்விளக்கு, மின்சாரத்துக்கான பியூஸ் கட்டை எல்லாம் இங்கே சூளையிலிருந்து இறங்குகின்றன. பீங்கான் படிப்புக்கென்றே அரசு கல்லூரி இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா பொம்மைப் பட்டறையில் வேலை பார்ப்பவர். போரிலிருந்து பால் மாதிரி வெள்ளையாகத் தண்ணீர் வர ஆரம்பித்தபோது ஒரு பக்கெட்டில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வைத்தேன். காலையில் மேலே தெளிந்து, அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல். அக்கா அதைக் கிள்ளி எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தார். "மணலே இல்ல தம்பி, வெண்ணெயாட்டம் இருக்குது. சுத்தக் களி" என்றார்.

பட்டறைக்குச் சோறு போடும் அந்தக் களிதான் எங்கள் போரை அடைக்கிறது. மேற்கே வேப்பூர்ப் பக்கம் போனால் பாறை. அங்கே பாறை தட்டும் வரைக்கும் கேசிங் இறக்கினால் போதும், அதற்குக் கீழே குழி தானாக நிற்கும். திருச்செங்கோட்டு வண்டிகள் சுத்தியல் போட்டு இடித்துக்கொண்டு போவது அந்த மாதிரி நிலத்தில்தான். கிழக்கே நெய்வேலிப் பக்கமோ மணலும் களியும் மாறி மாறி அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. எங்கள் தெருவும் அந்த வகைதான். இங்கே சேற்றுத் தண்ணீரைச் சுற்றவிட்டுத்தான் துளைக்க வேண்டும், அடி வரைக்கும் குழாய் இறக்க வேண்டும். மணல் அடுக்குக்கு நேரே சல்லடைக் குழாய் (தம்பி கேட்ட பில்டர் பைப்பு இதுதான்), களி அடுக்குக்கு நேரே மூடின குழாய், சுற்றிலும் பொடிக் கூழாங்கல். களி தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளுமே தவிர லேசில் விடாது. தண்ணீர் தருவது மணல்தான். ஐந்தடி இடம் மாறி, சல்லடை களிக்கு நேரே உட்கார்ந்துவிட்டால் களி கரைந்து உள்ளே வரும், மோட்டாரைத் தின்னும், கடைசியில் போரின் அடியைத் தூர்த்துவிடும்.

போர் போட்ட அன்றைக்கு இதெல்லாம் என் கண்ணெதிரேதான் நடந்தது. டேங்கரில் தண்ணீர் வாங்கி ஊற்றினோம். குழியிலிருந்து சேறு வாய்க்கால் மாதிரி ஓடி வந்தது. கூட வந்த ஒரு பையன் அவ்வப்போது அதில் கைவிட்டு மண்ணை அள்ளி, கழுவி, தரையில் சிறு சிறு கும்பலாக வைத்துக்கொண்டே போனான். செம்மண், மஞ்சள் மணல், வெள்ளைக் களி, சாம்பல் நிறத்தில் ஒன்று, திரும்பவும் வெள்ளை. கோலப்பொடி கொட்டி வைத்த மாதிரி வரிசையாக இருந்தது. பூமியின் கதை மொத்தமும் என் வாசலில் 28 கும்பலாகக் கிடந்தது. சாயங்காலம் அவர்களுக்கு அடுத்த பாயிண்டுக்குப் போகிற அவசரம். தண்ணீர் தெளியும் வரை காற்றடிக்க வேண்டிய வேலையை ஒரு மணி நேரத்தில் முடித்தார்கள். மறுநாள் காலையில் என் வீட்டம்மா வாசல் பெருக்கினார். அத்தோடு 28 கும்பலும் போயின. ஒரு போட்டோ எடுத்து வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

குழியிலிருந்து வெளியே வருவதை உற்றுப் பார்த்ததால்தான் நெய்வேலி என்று ஒரு ஊரே எழுந்தது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவரின் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அவர் அதைக் குப்பை என்று ஒதுக்காமல் என்னவென்று விசாரித்தார். 1956-ல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தது. அந்த நிலக்கரிக்குக் கீழே பெரிய நீர்த்தேக்கம், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை அழுத்தத்தோடு மேலே முட்டிக்கொண்டு நிற்கிறது. சுரங்கத்தை அது உடைத்துக்கொண்டு வராமல் இருக்க இரவு பகலாக இறைத்து வெளியேற்றுகிறார்கள். அதனால்தான் எங்கள் ஊற்று இறங்கிப்போனது என்று சுற்றுவட்டார விவசாயிகள் எவ்வளவோ காலமாகச் சொல்லி வருகிறார்கள். சொல்கிறவர்களிடம் வருஷ வாரியாக, இந்த மாதத்தில் இத்தனை அடியில் தண்ணீர் நின்றது என்று ஒரு நோட்டு இருந்தால் அந்தப் பேச்சுக்கு எவ்வளவு பலம் இருக்கும்! நிறுவனத்திடம் கணக்கு இருக்கிறது, அரசின் நிலத்தடி நீர்ப் பிரிவிடம் அதன் கண்காணிப்புக் கிணறுகளின் கணக்கு இருக்கிறது. கிணற்றுக்காரனிடம் ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது.

சட்டத்தையும் நம்பியிருக்க முடியவில்லை. கிணறுகளையும் போர் வண்டிகளையும் பதிவு செய்ய வகை செய்து 2003-ல் தமிழ்நாட்டில் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. நடைமுறைக்கு வராமலே 2013-ல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கைவிடப்பட்ட குழிகளில் குழந்தைகள் விழுந்து சாகிற கொடுமைக்காக உச்ச நீதிமன்றம் 2010-ல் வழிமுறைகள் சொன்னது, 2015-ல் ஊராட்சிகளுக்கு விதிகள் வந்தன. அப்புறமும் 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் குழியில் விழுந்த இரண்டு வயதுப் பிள்ளையை உயிரோடு மீட்க முடியவில்லை. அந்த நான்கு நாளும் எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் பழைய போருக்கு இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். எத்தனை போர் ஓடுகிறது, எத்தனை கைவிடப்பட்டது என்று மாவட்ட அளவில் கணக்கு வைக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வேண்டியதுதான். ஆனால் அந்தக் கணக்கு இந்தத் தம்பியின் கேள்விக்குப் பதில் சொல்லாது.

எங்கள் பக்கத்து மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் சாமியிடம் முறையிடுவதென்றால்கூடத் தாளில் பிராதாக எழுதிக் கட்டுகிறோம். காரியம் கைகூடினால் அந்தப் பிராதை ராஜினாமா செய்வதற்கும் முறை இருக்கிறது. தெய்வத்திடமே எழுத்தில் பேசுகிற ஊர்க்காரர்கள், ஒரு குடும்பத்தின் பல வருஷச் சேமிப்பை மண்ணுக்குள் இறக்குகிற வேலையை மட்டும் வாய்வார்த்தையில் முடித்துக்கொள்கிறோமே!

தம்பி நாளைக்கு வந்து காற்றடித்துப் பார்க்கிறேன் என்றிருக்கிறான். எந்த ஆழத்தில் என்பதைக் குத்துமதிப்பாகத்தான் முடிவு செய்ய வேண்டும். தெளிந்தால் பிழைத்தது. இல்லையென்றால் திரும்பவும் 280 அடி, திரும்பவும் கடன்.

போர் போடப் போகிறவர்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். வண்டி வருவதற்கு முந்தின நாளே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வையுங்கள். பத்தடிக்கு ஒருமுறை என்ன மண் வந்தது என்று எழுதுங்கள், அந்த மண்ணில் ஒரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு அடிக்கணக்கைக் குறித்துக் கட்டி வையுங்கள். மூடின குழாய் எத்தனை, சல்லடை எந்த அடி முதல் எந்த அடி வரை, கூழாங்கல் எத்தனை மூட்டை, மோட்டார் எத்தனாவது அடியில் தொங்குகிறது, அன்றைக்குத் தண்ணீர் எங்கே நின்றது என்று எல்லாவற்றையும் எழுதி, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு மோட்டார் தூக்குகிற ஒவ்வொரு தடவையும் தண்ணீர் மட்டத்தை அளந்து அதே நோட்டில் தேதியோடு சேருங்கள். பணத்தின் கடைசிப் பங்கை அந்தக் கையெழுத்து விழுந்த பிறகு எண்ணிக் கொடுங்கள்.