பாடகிக்கு வந்த படகு எல்லா வாசலுக்கும் வரவேண்டும்

2019 செப்டம்பர் 27 முதல் பீகார் தலைநகர் பாட்னாவில் பெருமழை கொட்டியது. ராஜேந்திர நகர் என்னும் பகுதி ஏரியாயிற்று. அங்கே தம் வீட்டில் சிக்கிக்கொண்டவர்களுள் ஒருவர் பாடகி சாரதா சின்கா. 67 வயதை எட்டவிருந்த அந்த அம்மையார், உதவி வந்து சேரவில்லை என்று முகநூலில் எழுதினார். செய்தி பரவியது; அவர் பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் பதறினார்கள். பிறகு மீட்புப் படையினர் படகில் வந்து அவரை அழைத்துச் சென்றனர்.

ஒரு பாடகிக்காக இத்தனை பதைப்பா என்று கேட்பவர்கள், பிழைக்கப் போனவர்களின் மனத்தை அறியாதவர்கள். மைதிலியிலும் போஜ்புரியிலும் அவர் பாடிய பாடல்கள் ஒலிக்காமல் பீகார் மக்களுக்குச் சட் பூஜை நிறைவதில்லை. மும்பையில் கல் சுமப்பவரும் பஞ்சாபில் நாற்று நடுபவரும், ஊருக்குப் போக முடியாத ஆண்டில் அந்தக் குரலைக் கேட்டுத்தான் ஆறுதல் அடைகிறார்கள். அந்தக் குரலுக்கு ஆபத்து என்றால் சொந்த வீட்டில் தண்ணீர் புகுந்ததாகவே அவர்கள் நினைப்பார்கள். 2024 நவம்பர் 5 அன்று, அதே சட் பூஜை தொடங்கிய நாளில், அவர் மறைந்தார்.

தங்கவயல் தமிழராகிய நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் பாட்டன்மார் மூட்டை முடிச்சோடு பாட்டையும் பறையையும்தானே கொண்டுவந்தார்கள்!

பதைப்பும் நமக்குப் புதிதல்ல. சாம்பியன் ரீப் சுரங்கத்தின் ஆழத்தில் பாறை வெடித்தால் மேலே லைன் வீடுகள் அதிரும். பெண்கள் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சுரங்க வாயிலுக்கு ஓடுவார்கள். அங்கே எழுந்த கேள்வி ஒன்றே: "எங்க வீட்டு ஆளு மேலே வந்துட்டாரா?" அந்தக் கேள்விக்குப் பெரியவர், சிறியவர் என்ற பேதம் கிடையாது.

பாட்னாவில் நடந்தது என்ன? அதே ராஜேந்திர நகரில் சிக்கியிருந்த துணை முதலமைச்சர் சுசில் குமார் மோடி செப்டம்பர் 30 அன்று மீட்கப்பட்டார். துணை முதலமைச்சருக்கே அந்த நிலை. நாடறிந்த பாடகியே எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. அப்படியானால் எழுதத் தெரியாத மூதாட்டியின் கதி என்ன? வெள்ளத்தில் வண்டியை இழுக்க முடியாமல் அழுத ரிக்‌ஷாத் தொழிலாளியை நாடே படத்தில் பார்த்தது. அவருக்கு யார் படகு அனுப்பினார்கள் என்று கேட்கிறோம்.

எல்லாப் பழியையும் மழைமீது போட்டுவிட முடியாது. மழை நின்ற பின்னும் நாள்கணக்கில் நீர் தேங்கியது. அதை இறைத்து வெளியேற்ற வேண்டிய பம்பு நிலையங்கள் கைவிட்டன. பெய்தது வானம், வடிய விடாதது நிர்வாகம்!

நம் ஊருக்கு வருவோம். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அன்றிலிருந்து நம் இளைஞர்கள் விடியற்காலையில் ரயிலேறிப் பெங்களூர் போகிறார்கள். பகலில் லைன் வீடுகளில் இருப்பவர்கள் முதியோரும் குழந்தைகளுமே. சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்டு மூச்சு வாங்குபவர்கள் அவர்களில் உண்டு. நம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசித்த பறைக் கலைஞர்களும் நாதசுரக் கலைஞர்களும் உண்டு. ஓட்டு வீட்டுக்குப் பின்னால் சயனைடு மண்மேடு நிற்கிறது. ஒரு பேய்மழை அடித்தால் இவர்களைக் காணோம் என்று எந்தப் பத்திரிகை எழுதும்?

ஆகவே தோழர்களே, தாய்மார்களே, அடுத்த மழைக்காலத்துக்கு முன் ஒரு வேலையை முடிப்போம். ஒவ்வொரு லைனிலும் தனியாக இருக்கும் முதியோர், நோயாளிகள், கைக்குழந்தை உள்ள வீடுகள் ஆகியவற்றைப் பட்டியல் எடுப்போம். லைனுக்கு இரண்டு பேர் பொறுப்பேற்கட்டும். பட்டியலின் ஒரு படியை நகரசபையிடமும் இன்னொன்றைத் தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குவோம். வடிகால்களைத் தூர் வாரச் சொல்லி அப்போதே மனுவும் கொடுப்போம்.

எங்கோ ஒரு பாடகிக்காகப் பதறும் மனம் நல்ல மனம். அந்த மனம் முதலில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டட்டும்.